கோளாறு இல்லை

வளைவில் பைக்கை நிறுத்தி மணிவேல் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், காந்தா செல்போனில் மணி பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் தொங்கிப்போனது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களாண்ணா?"

மணிவேலுக்குச் சுர்ரென்று ஏறியது. கொட்டுகிற மழையில், அடிவாரத்துப் பட்டறையிலிருந்து ஜவ்வாது மலையின் பாதி வரைக்கும் ஒரு மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறான். வழியில் வண்டி நின்றுபோன மற்றவர்கள் எல்லாம் அவனைக் கண்டால் குலசாமியைக் கண்டதுபோல் கும்பிடுவார்கள். இவள் மட்டும், ஏன் வந்தாய் என்று கேட்காத குறையாகப் பார்க்கிறாள்.

குனிந்து அவளுடைய மொபெட்டைப் பார்த்தான். பிளக் மூடி வயரோடு பிடுங்கித் தொங்கவிடப்பட்டிருந்தது. அது தானாகக் கழலுகிற சமாச்சாரமே இல்லை. அமுக்கி மாட்டிவிட்டு ஓர் உதை விட்டான். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

"இன்னாம்மா இது? போன தபா பெட்ரோல் டேப்ப மூடி வச்சிருந்தீங்க. அதுக்கு முந்தி ஒயர உருவி வுட்டிருந்தீங்க. தெரியாம நடக்கறதா இதெல்லாம்?"

காந்தா முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்ட, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாதத்தில் இது நான்காவது அழைப்பு, எல்லாம் இதே வளைவிலிருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக் கறிச்சோற்றை இலையோடு விட்டுவிட்டு ஓடிவந்தான். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்த தலையோடு ஓடிவந்தான். "அந்தம்மாவுக்கு உன் மூஞ்சி புடிச்சுப்போச்சுடா" என்று பட்டறையில் கேலி வேறு.

வழியில் வண்டி நின்றுபோன உறுப்பினர்களுக்கு மெக்கானிக்கை அனுப்பிவைக்கும் இருசக்கர வண்டி ஓட்டுவோர் சங்கத்தின் செயலாளர் ஜீவானந்தம் இன்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த முறையும் வண்டி நன்றாக இருந்தால் தாளில் அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். உறுப்பினர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மணிவேல் மழைக்கோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்து, நனையாமல் மறைத்துக்கொண்டு, 'கோளாறு இல்லை' என்று எழுதினான். அவள் நீட்டிய சங்க அட்டையில் தேதியைப் பார்த்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

"ரெண்டு வருஷமா மெம்பரா இருக்கீங்க. இத்தினி நாள் ஒரு தபாகூட கூப்புடல. இப்ப மட்டும் இன்னா? உங்க பேரயே எடுக்கச் சொல்லிட்டாங்க, கையெழுத்துப் போடுங்க."

"வண்டி வாங்கறப்ப கடைல சேர்த்து வுட்டாங்கண்ணா." அவள் பேனாவை வாங்கவில்லை. "பேர எடுத்துடாதீங்க. இன்னும் ஒரே ஒரு தபா கூப்ட்டுக்கறேன்."

"எதுக்கு? வெளையாடறதுக்கா?" மணிவேல் கத்தியே விட்டான். "எங்க சங்கத்த இன்னான்னு நெனச்சீங்க? ஞாயித்துக்கெழம, தீபாவளி, இந்தா இன்னிக்கு மழ. எப்ப கூப்ட்டாலும் அர மணிக்குள்ள வந்து நிக்கறேனா இல்லியா? இன்னிக்கு இருவத்திரெண்டே நிமிஷம்!"

சங்கத்துப் பெருமை என்று நினைத்துத்தான் சொன்னான். காந்தா அப்படியே சாலையோரக் கல்லில் சரிந்து உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

மணிவேல் மிரண்டுபோனான். "இன்னாம்மா... இன்னா ஆச்சு?"

"ஆடி மாசம் என் பொண்ண பாம்பு கடிச்சிட்ச்சுண்ணா. காவியான்னு பேரு. அஞ்சு வயசு. ஆம்புலன்ஸ் வேற ஊருக்குப் போயிருந்துச்சு. புள்ளைய வண்டில முன்னாடி நிக்க வச்சினு போளூர் ஆஸ்பத்திரிக்கு எறங்கனேன். இங்க வரச்சொல்ல செயின் அறுந்துபோச்சு."

மணிவேலின் கையில் பேனா அப்படியே நின்றது. ஆடி மாதம் இந்த வளைவிலிருந்து ஓர் அழைப்பு வந்ததா? வந்து, யாராவது அலட்சியமாக விட்டுவிட்டார்களா? கேட்கவே பயமாக இருந்தது.

"எங்களுக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"பண்ணலண்ணா." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கார்டு பர்ஸுலதான் இருந்துச்சு. டவரும் இருந்துச்சு. இந்த மலைக்கு, நமக்காக எவன் ஓடியாரப் போறான்னு நெனச்சிட்டேன். புள்ளைய தோள்ல போட்டுனு நடந்தேன். ஒன்றர மணி நேரம் கழிச்சிதான் ஒரு ஜீப்பு வந்துச்சு. கொஞ்சம் முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

கூப்பிட்டிருந்தால் மணிவேல் அன்றைக்கும் அரை மணிக்குள் வந்திருப்பான். செயினை மாட்டக்கூட வேண்டியிருந்திருக்காது. தன் பைக்கிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? அவன் வீட்டிலும் அதே வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

எழுதியதை அடித்துவிட்டு, 'பிளக் பழுது, சரிசெய்யப்பட்டது' என்று எழுதினான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மழை மறைத்துவிட்டது.

"உங்க பேரு எங்கயும் போகாதும்மா. எப்ப வேணா கூப்புடுங்க. இன்னா வேல இருந்தாலும் போட்டுட்டு பறந்து வர்றேன்."

அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"வேணாண்ணா. ஒரே ஒரு தபா லேட்டா வாங்கண்ணா."