அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தவர்

"இடுப்பு உட்டுப்போச்சுமே, ஒரு டீ குடேன்" என்றார் அங்கமுத்து, குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

"விடிஞ்சதுல இருந்து கண்ணாடியும் பசையுமா குந்திகினு கீற. வலையத் தொட்டியா?" கோவிந்தம்மா டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

அவர் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடித் துண்டுகளை முக்கோணப் பெட்டியாக ஒட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பி மூடிய பட்டகம் அது. முதலில் செய்ததில் பழக்கதோஷத்தில் ஏரித் தண்ணீரையே ஊற்றிவிட்டார். பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. இது கேன் தண்ணீர். சாய்ந்த பக்கத்தில், செல்போன் கடைக்காரர்கள் திரை ஒட்டும் பசையைத் தடவி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்து, குமிழிகளைக் கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளினார். ஒன்று தங்கினாலும் அதில் தெரியும் ஏரியின் அக்கரை கலங்கிவிடும்.

"அப்படி இன்னாய்யா பார்க்கப் போற?"

"பூநாரை வந்துகீதாம்."

"ஏன், வெறுங்கண்ணுல பார்த்தா அதுக்கு வெட்கமா?"

நாரையை யார் கண்டார்? அக்கரையில் மகள் பூவிழி இருக்கிறாள். அவர் பேச்சை மீறி, அக்கரைக்காரன் பெலிக்ஸைக் கல்யாணம் கட்டிக்கொண்டு அவள் படகேறிய அன்று, 'இனி உன்னை நேர்ல பார்த்தா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்' என்று எல்லையம்மன்மேல் சத்தியம் செய்துவிட்டார். இப்போது அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். நேரில்தானே கூடாது? கண்ணாடியில் விழுவது வெறும் நிழல்.

வெயிலில் பசை இறுகியது. பட்டகத்தைப் பிளாஸ்டிக் குழாயின் வளைவுக்குள் பொருத்தினார். கண் வைக்கிற முனையில், உடைந்த பைனாகுலரின் பாதி. குழாய் ஏரியைப் பார்க்க, அவர் வாசல் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார்.

பளிச்சென்று அக்கரைப் படகுத்துறை. குடையும் கையுமாகப் பூவிழி. அவள் தோளில், தலை நிறைய முடியோடு ஒரு பிஞ்சு.

"இன்னா தெரியுது?"

"நாரைதான்... குஞ்சோட நிக்குது." குழாயை இன்னும் கண்ணோடு அழுத்திக்கொண்டார்.

கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள்.

குழாய்க்குள் பூவிழி செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள். அதே நேரம் ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து கோவிந்தம்மாவின் கிசுகிசுப்பு:

"தெரியுதாம்டி! தினம் வந்து நின்னது வீண்போவல. புள்ள மூஞ்ச இந்தப் பக்கம் திருப்பிப் புடி... 'வூட்டுக்கு வாம்மா'ன்னு ஒரு வார்த்தை, அதான் உங்க நைனா உன்னாண்ட இன்னும் சொல்ல பாக்கி."