மாடிக்குக் கேட்கும்படி

டிவியில் சீனத் தொடரை ஒரு நிமிடம் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள்.

சீனத்து மதுக்கடைக்காரி விசாரணை அதிகாரி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டு வியாபாரி வேடத்தில் வந்த ஒற்றன் அவள் வாயைக் கிளறித்தான் படைத்தலைவன் வீட்டுக்கு வழி தெரிந்துகொண்டான். படைத்தலைவன் இப்போது உயிரோடு இல்லை.

"சொந்தக்காரன் என்றுதானே சொன்னான்? எந்த நேரத்தில் தனியாக இருப்பார் என்று கேட்டானா?"

"கேட்டான், ஐயா."

"நன்றாக இருக்கிறாரா என்று கேட்டானா?"

மதுக்கடைக்காரி பதில் சொல்லவில்லை.

பார்த்துக்கொண்டிருந்தவளும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு பகுதிகளாக, சுத்தத் தமிழ் பேசும் அந்தச் சீனர்களின் கேள்விக்கெல்லாம் திரையைப் பார்த்துப் பதில் சொல்லிவந்தவள். யார் ஒற்றன் என்று மூன்றாம் பகுதியிலேயே கண்டுபிடித்தவள்.

நிறுத்தினாள்.

வீடு அமைதியானது. பகல் மூன்று மணிக்கு அந்த வீடு அமைதியாக இருந்ததாகத் திருப்பூரில் அந்தக் காம்பவுண்டுக்குள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

காலையில் வந்த மனிதர் தங்கமான மனிதர்.

வெள்ளை வேட்டி. கையில் மஞ்சள் பை. பைக்குள்ளிருந்து பட்டுச் சேலை எட்டிப் பார்த்தது. மாடி வீட்டு இலக்கியாவுக்குச் சித்தப்பாவாம். ஓடிவந்து கல்யாணம் செய்துகொண்டாலும் நம் பெண் இல்லையென்று ஆகிவிடுமா, ஆடிச் சீர் கொண்டுவந்திருக்கிறோம், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை திடீரென்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றார்.

அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு எல்லாவற்றையும் சொன்னாள். காம்பவுண்டுச் சமாச்சாரத்தை யாராவது வந்து கேட்பது அபூர்வம். கேட்காமலேயே சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று இலக்கியாவின் அண்ணன் சொல்லியனுப்பியிருந்தது அவளுக்குத் தெரியும். யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அந்த யாரில் சித்தப்பாவும் சேர்த்தியா என்று அவள் யோசிக்கவில்லை.

இலக்கியாவைக் கட்டிய பையன் காலை எட்டுக்குப் பனியன் கம்பெனிக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவான். பெண் வெளியே தலைகாட்டாது. யார் தட்டினாலும் திறக்காது.

நான் தட்டினால் மட்டும் திறக்கும் என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

கதவு நிலையில் தட்டியும் காட்டினாள்.

இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

மாடிக்கு வேறு படி இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்து வீடுகளில் பகலில் ஆம்பளைகள் இருப்பார்களா என்று கேட்டார்.

பிள்ளை நல்லா இருக்குதா என்று கேட்டாரா?

மோர் குடித்தார். செருப்பைக் கழற்றாமலே குடித்தார்.

நல்லா இருக்குதா என்று கேட்டாரா?

தலைக்கு மேலே குதிகால் இரண்டு முறை தரையில் இடித்தது.

இலக்கியா.

மேலே டிவி இல்லை. கண்டுபிடித்துவிடுவார்கள் என்று போனையும் ஓடிவந்த அன்றே ஆற்றில் எறிந்தாயிற்று. மூன்று மணியானால் வெறுந்தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்ளும். வந்த புதிதில் படியில் நின்று கேட்டது இப்படித்தான்.

"சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க்கா. கத கேட்டுட்டு இருந்தா பயம் தெரிய மாட்டேங்குது."

அதற்காகவே கூட்டி வைப்பாள். சத்தம் நின்றால் மேலே குதிகால் இடிக்கும். சில நாள் பாதியில் நிறுத்திவிட்டு இவளே மேலேறிப் போய்த் தட்டுவாள். இன்னார்தான் ஒற்றன் என்பதை முகத்துக்கு நேரே சொன்னால்தான் இவளுக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

மறுபடி குதிகால்.

எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதற்குள் வெளியே, மாடிக்கு ஏறும் இரும்புப் படி முனகியது.

கதவு இடுக்கில் வெள்ளை வேட்டி ஒன்று போனது. பின்னாலேயே இரண்டு ஜோடிக் கால்கள், பேன்ட்டில்.

மஞ்சள் பை இல்லை.

படியில் அவர்கள் ஏறுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பிறகு தட்டும் சத்தம்.

இரண்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

அச்சு அசல் அவளுடைய தட்டு. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மேலே இலக்கியா எழுந்தாள். கொலுசுக் கால் ஜன்னல் பக்கத்திலிருந்து கதவுப் பக்கம் நடந்தது. சத்தம் நின்றுவிட்டது, அக்கா கதை சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்திருக்கும்.

கத்தினால் போதும். குழாயடியில் அவள் பேசினால் தெருமுனை டீக்கடையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது.

கொலுசுக் கால் அறையின் நடுவுக்கு வந்துவிட்டது.

கட்டைவிரல் ரிமோட்டைத் தடவியது. தவறான பொத்தான். அடுத்தது. அழுத்தினாள். சத்தத்தை ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே போனாள்.

மதுக்கடைக்காரி ஓவென்று அலறினாள். அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன.

அலறிய சீனத்துக்காரி மூச்சு வாங்கிய இடைவெளியில் இவள் அண்ணாந்து, மாடிப் பக்கம் காதுகொடுத்தாள்.

மேலே நடை நின்றிருந்தது.

அக்கா கீழேதான் இருக்கிறாள்.

தட்டும் சத்தம் மறுபடி. இரண்டு, கொஞ்சம் விட்டு, ஒன்று. இந்த முறை கொஞ்சம் பலமாக.

பதிலுக்கு ஏதோ கனமாகத் தரையில் இழுபட்டது. தண்ணீர் டிரம். காலையில்தான் பையனும் பெண்ணும் சேர்ந்து விளிம்பு வரை நிரப்பினார்கள். அது கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்ற சத்தம் கீழே சுவர் வரைக்கும் இறங்கியது.

அவள் மூச்சு விட்டாள்.

ஒரே ஒரு மூச்சு.

இரும்புப் படி மறுபடி முனகியது. இறங்கி வந்தார்கள். அவசரமே இல்லாமல்.

அவள் கதவைப் பார்த்தாள். எப்போதும் போல ஒரு சாண் திறந்திருந்தது. போகிறவர் வருகிறவர் தெரிய வேண்டும் என்று, இத்தனை வருடத்தில் பகலில் ஒருநாளும் தாழ்ப்பாள் போட்டதில்லை.