ஒத்தைக் கை செட்டிங்

எங்கள் ஆபீஸ் தியாகராசன் சார் சென்னையிலிருந்து போன் செய்தபோது கீழே பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது.

"ரிஃப்கா, கடைசிக் கோட்டை லோடு ஆகவே மாட்டேங்குதும்மா. இடம் பத்தலை. அந்த ஒத்தைக் கை செட்டிங்கைத் தூக்கிடு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

நாத்தனார் கல்யாணத்தன்று, கட்டிய பட்டுப் புடவையோடு மாடி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். இந்த லட்சணத்தில் இது வேறு. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆபீஸில் சொன்னபோது சந்தோஷப்பட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இந்த வேலை என்னவென்று பாபநாசத்தில் யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியாது. டிவியில் போட்டு ஆடுகிற வீடியோ கேமை, கையில் பிடித்து ஆடுகிற சின்ன மிஷினுக்குள் கொண்டுவர வேண்டும். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவி எலும்புக்கூடுகளை அடிக்கிற ஒரு குள்ளனின் கதை. வெளிநாட்டுக்காரன் கேம். முதல் இரண்டு பாகங்களையும் நாங்கள்தான் சின்னதாக்கிக் கொடுத்தோம். இது மூன்றாவது.

சின்ன மிஷினில் மெமரி குறைவு என்று கோட்டையில் பாதியை இடித்தாயிற்று. மழையை நிறுத்தியாயிற்று. குள்ளனின் தாடியைக்கூட மழித்தாயிற்று. இன்னும் இடம் பத்தவில்லையாம்.

ஒத்தைக் கை செட்டிங் மட்டும் யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. அதைப் போட்டுவிட்டால் இடது பக்கப் பட்டன்களை வைத்தே குள்ளன் ஓடுவான், தாவுவான், அடிப்பான். கொஞ்சம் தவறினாலும் விழாதபடி கூரைகளை எல்லாம் அகலமாக்கி இன்னொரு தடவை வரைந்து வைத்திருந்தேன். இடத்தைத் தின்பது அதுதான். எனக்குத் தெரியாதா?

"கம்பெனிக்காரன் கேக்குறாம்மா, ஒத்தைக் கையால யாரு விளையாடப் போறான்னு," என்றார் சார்.

ஜன்னலோரம் என் வீட்டுக்காரர் முபாரக், நான் சோதித்துப் பார்க்க வைத்திருந்த மிஷினில் அதே கேமை விளையாடிக்கொண்டிருந்தார். மிஷினை முழங்காலில் முட்டுக்கொடுத்து, இடது கையால். வலது கையை மணிக்கட்டோடு சவுதியில் தம்மாமில் ஒரு தகடு வெட்டும் பட்டறையில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்.

சட்டைக்குப் பொத்தான் போட நான் வேண்டும். நகம் வெட்ட நான் வேண்டும். இந்த ஒன்றுக்குத்தான் யாரும் வேண்டாம். அதையும் பிடுங்கு என்கிறார்கள். "அப்புறம் பேசுறேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

நிக்காஹ் காலையிலேயே முடிந்துவிட்டது. மணப்பெண் அனீஸா இவருடைய ஒரே தங்கை. பெண்ணுக்கு அண்ணன் பந்தலில்தான் நிற்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு விருந்து சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு, சுற்றி நாலு பேர், நாலு பேர் கையும் ஒரே சோற்றில். அதில் பீச்சாங்கை விழுந்தால் மற்ற மூன்று பேர் முகமும் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமியார் சைத்தூன் பீவி விடிந்ததுமே என்னிடம் சொல்லிவிட்டார். "முபாரக்குக்கு மாடிக்கே சோறு அனுப்பிடுறேன். புள்ளைக்குச் சங்கடம் வேணாம்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

"மச்சான்," என்று கூப்பிட்டேன். "உங்க செட்டிங்கை எடுக்கச் சொல்றாங்க. முடியாதுன்னு சொல்லப் போறேன். வேலை போனா போகட்டும்."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"எடுத்துடு ரிஃப்கா. எனக்கு இந்த விளையாட்டே பிடிக்கலை. இவ்வளவு மெனக்கெட்டு செஞ்சியேன்னு ஆடிக்கிட்டிருக்கேன்."

சுருக்கென்றது. பாவி மனுஷன், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியாவது இருப்பேன். கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஒழியட்டும் என்று அழிப்பதற்காக ஃபைலைத் தேடினேன்.

அப்போதுதான் கீழேயிருந்து ஜெக்கரியா சாச்சாவின் குரல் கேட்டது. இவருடைய வாப்பாவின் தம்பி. பந்தி அவர் பொறுப்பு.

"இந்த சஹன்ல மூணு பேர்தான் இருக்காங்க! ஒரு ஆள் வாங்க, ஒரு ஆள்!"

நாலு பேர் சேராமல் சஹனில் யாரும் கை வைப்பதில்லை. மூன்று பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

முபாரக் மிஷினைக் கீழே வைத்தார். எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு ஆள் குறையுதாம்," என்றார் என்னிடம். அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அவர் படியிறங்கினார். நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். பாதிப் படியில் சாச்சா அவரைப் பார்த்துவிட்டார்.

"அட, நீ ஏன் வாப்பா சிரமப்பட்டு எறங்கி வர்றே? மேலயே இரு, சுடச்சுட அனுப்பச் சொல்றேன்." எவ்வளவு பிரியம் அந்தக் குரலில். பிறகு பந்தல் பக்கம் திரும்பி, "அந்த வேன் டிரைவர் தம்பியைக் கூப்பிடுங்கப்பா, அவரு உட்காரட்டும்" என்றார்.

முபாரக் அடுத்த படிக்கு வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். "சரி சாச்சா" என்றார்.

மேலே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். நான் லேப்டாப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கீழே பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

"அழிச்சிட்டியா ரிஃப்கா?"

"இன்னும் இல்ல மச்சான்."

அவர் மிஷினை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"அழிக்காதே. இருக்கட்டும்."