வெள்ளைப் பந்து

2003இல் கேளம்பாக்கத்தில் பிரபாவதி நடத்திய பில்லியர்ட்ஸ் கடையில், வெள்ளைப் பந்தைப் பின்பக்கம் சுழலவிட்டு அடிப்பதில் சாலமோனை மிஞ்ச ஆளில்லை. கலர் பந்தைக் குழியில் தள்ளிவிட்டு, வெள்ளைப் பந்து அவனிடமே உருண்டு வரும். ஒரு ஞாயிறு மதியம் அப்படித்தான் ஜோயலை ஜெயித்தான். தோற்ற ஆத்திரத்தில் ஜோயல் குச்சியைத் திருப்பிப் பிடித்து அவன் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் ஜோயல் அதே மேஜையில் தனியாக ஆடினான். பந்து முன்னால் ஓடட்டும் என்று அதன் மேல்பாதியில் அடித்தான். அது எதையும் தொடாமல், பாதி வழியில் நின்று அவனிடமே திரும்பியது.

“அக்கா, மேஜை சாஞ்சிகினு கீதா?”

“நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சி. போதும், வூட்டுக்குப் போ” என்றாள் பிரபாவதி.

அவன் இன்னும் பலமாக அடித்தான். ஒவ்வொரு முறையும் பந்து இன்னும் வேகமாகத் திரும்பியது. ஐந்தாவது அடியில் விளிம்பைத் தாண்டி எகிறி அவன் வாயில் மோதியது. இரண்டு பற்கள் பச்சைத் துணியில் விழுந்தன.

ஜோயல் தரையில் கிடந்த பந்தைக் குச்சியின் தடித்த முனையால் அடித்தான். குச்சி முறிந்ததும் காலால் மிதித்தான். பிரபாவதி அவனை வெளியே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே பந்து நகராமல் சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து அவன் ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது.