வால் கட்டாயம்

ஏழு குளத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் தலைமை அதிகாரி வைரக்கண்ணுத் தவளையார். பள்ளி திறக்கப் போகிறது என்றாலே அவருக்குக் கால் தரையில் பாவாது. பெற்றோருக்குச் சுற்றறிக்கை விட வேண்டுமே! குமாஸ்தா நண்டு போன வருஷத்துச் சுற்றறிக்கையை எடுத்து நீட்டியது. அவர் தேதியை மட்டும் மாற்றி, படித்துக்கூடப் பார்க்காமல் பெரிய கையெழுத்தாகப் போட்டு, தாமரை இலைதோறும் ஒட்டச் சொன்னார்.

திறப்பு நாளன்று மாலையும் கழுத்துமாக வந்து பார்த்தால், பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

"ஏம்மா, உள்ளே அனுப்பலையா?"

"எப்படிங்கய்யா அனுப்புறது?" என்றாள் ஒரு தாய்த் தவளை. "வால் இருந்தாத்தான் உள்ளே விடுவோம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? லீவுல எல்லாருக்கும் வால் போயி கால் முளைச்சிடுச்சே!"

தவளையார் இலையில் ஒட்டியிருந்த அறிக்கையைப் படிக்கக் குனிந்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு தண்ணீர்ப் பாம்பு முன்னால் வந்தது.

"வணக்கங்கய்யா. அறிக்கையைப் படிச்சேன். எனக்கு வால் இருக்கு," என்றது பணிவாக.

அடுத்த நொடி தவளையார் மதில்மேல் இருந்தார். பிள்ளைகளோ புதுக் கால்களால் அவரையும் தாண்டிக் குதித்துக் கும்மாளம் போட்டார்கள்.

"யோவ் நண்டு! உடனே எழுது! வால் இருந்தால் அனுமதி இல்லை!"

"எழுதவே வேண்டாமுங்கய்யா," என்றது நண்டு. "போன வருஷம் இதே மதில்ல உட்கார்ந்து நீங்க சொல்லி நான் எழுதின ரெண்டாவது அறிக்கை அப்படியே இருக்கு. தேதியை மட்டும் மாத்திடட்டுமா?"