வாய்க்கால் பார்க்க வந்தவர்

"எங்கை பிள்ளை கழிவு? தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்குது."

நகர வாய்க்காலைப் பார்க்க வந்த அதிகாரி, போத்தலில் அள்ளிய தண்ணீரை முகர்ந்தார். நாற்றமே இல்லை.

நான்கு வருடம் மனு எழுதி அவரை வரவழைத்த வாய்க்கால் பாதுகாப்புச் சங்கச் செயலாளர் தாட்சாயினி திகைத்துப்போனாள்.

"முந்தநாளும் மலம் மிதந்தது, சேர்!"

"மாசு இல்லை" என்று எழுதி, கோப்பை மூடிக்கொண்டு அவர் போய்விட்டார்.

தாட்சாயினி சங்கத் தலைவர் கதிர்காமநாதனிடம் திரும்பினாள். "எப்பிடி ஐயா இது?"

அவர் கொப்புளம் போட்ட கைகளைப் பெருமையோடு விரித்தார்.

"பெரிய ஆள் வாற இடத்தை ஊத்தையா விடலாமோ? நேற்று முழுக்கச் சிரமதானம். கழிவுக் குழாயெல்லாம் சாக்கால அடைச்சு, குளத்துத் துருசைத் திறந்து தண்ணி பாய்ச்சி வாய்க்காலைக் கழுவி விட்டனாங்கள். மனுசன் ஒரு குறையும் சொல்லேல்லைத்தானே, பிள்ளை?"