கூடவே வந்தவள்

"படியில வழுக்கிட்டா டாக்டரம்மா," என்று மருமகளின் வீங்கிய கைக்கு மாமியாரே பதில் சொன்னாள். வாசலில் மகன் நின்றிருந்தான்.

டாக்டர் மருமகளைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். துணைக்கு யாரும் போகாத அந்தக் கழிப்பறையில்தான் அறிவிப்பு இருந்தது: 'வீட்டில் அடிக்கிறார்களா? பாட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தனியாகப் பேசுவோம்.'

"கை வலியோட பாட்டிலை எப்படிப் பிடிப்பா?" என்று மாமியாரும் உள்ளே போய்விட்டாள். போச்சுடா என்றிருந்தது டாக்டருக்கு.

ஆனால், பாட்டில் சிவப்பு ஸ்டிக்கரோடு வந்தது. எக்ஸ்ரே அறைக்குள் மருமகளை மட்டும் அழைத்துக் கேட்டார்:

"மாமியார் கண்ணுல படாம எப்படிம்மா ஒட்டினே?"

அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

"நான் பயந்துட்டு வேண்டாம்னேன். 'அவனைப் பெத்தவ நானே ஒட்டுறேன், உனக்கென்னடி பயம்?'னு அத்தைதான் ஒட்டினாங்க!"